முயலுக்கும் உபவாசம் வைத்தேன்

செவ்வாய்க்கிழமை என் முயலுக்குச் சத்திரசிகிச்சை. புதன்கிழமை மத்தியானமாகியும் அது ஒரு புல்லைக்கூட வாயில் வைக்கவில்லை. அறையின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு இருந்தது. வயிறு உப்பியிருந்தது. புழுக்கையும் போடவில்லை. முயலுக்குப் புழுக்கை நின்றால் உயிருக்கே ஆபத்து என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, சாட்சி எழுத வந்துவிட்டு முயலைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். போன வருடம் என்றால் நானும் சிரித்திருப்பேன். சிரித்தும் இருக்கிறேன். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கரையில். நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். கணவர் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் மின்சார வேலை செய்கிறார்; வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். ஒரே மகள் கலியாணம் முடித்து வெளிநாட்டில் இருக்கிறாள். ஹோட்டல் தோட்டத்தில் முயல்கள் பெருகிவிட்டன என்று கணவர் ஒரு குட்டியைப் பழக்கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்.

"உனக்குத் துணையா இரிக்கட்டும்" என்றார்.

"எனக்கு என்னத்துக்குத் துணை?" என்று சண்டை பிடித்தேன்.

பழுப்பு நிறம். ஒரு காது எப்போதும் சாய்ந்திருக்கும். வீடு தன்னுடையது என்பது போல நடந்ததால் துரை என்று பெயர் வைத்தேன். பின்னேரம் நான் கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டால் ஓடிவந்து காலைச் சுற்றிச் சுற்றி வரும். உண்மையைச் சொன்னால், கந்தோர் முடிந்ததும் நான் வேறெங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்தது அதற்காகத்தான். யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

துரைக்கு வயது வந்தது. சுவர், கதிரை, கணவரின் புதுச் சாரம் என்று ஒன்றையும் விடாமல் மூத்திரம் பீச்சியது. செருப்புகளைக் காதலித்தது. பறிக்கப் போனால் கடித்தது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். ஓட்டமாவடிப் பக்கத்துப் பிள்ளை, இளம் வயது. விதையை எடுத்துவிட்டால் அடங்கிவிடும் என்று நாள் குறித்துத் தந்தார். நான் புறப்படும்போது ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொன்னார்.

"அன்ரி, மனிசருக்கு மாதிரிப் பட்டினி போட்டுராதீங்க. முயலுக்கு வயிறு வேல செய்துகொண்டே இரிக்கணும். கொண்டுவாற நேரம் வரைக்கும் புல்லு குடுங்க."

நான் கேட்கவில்லை. சத்திரசிகிச்சை என்றால் வெறும் வயிறு. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது பச்சைத் தண்ணீர்கூடத் தரவில்லையே, நேற்றுப் படித்து வந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அதோடு, நான் திங்கட்கிழமைகளில் உபவாசம் இருப்பவள். நான் பட்டினி கிடந்து துரைக்காக ஜெபிக்கும்போது துரை மட்டும் ஏன் தின்ன வேண்டும்? திங்கள் காலையிலேயே புல்லுக் கூடையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். துரை பின்னங்காலில் எழுந்து நின்று அதையே பார்த்தது. நான் பைபிளை எடுத்து அதற்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை டொக்டர் கேட்டார்: "சாப்பாடு குடுத்தீங்களா அன்ரி?"

"ஓம், நல்லாச் சாப்பிட்டது" என்றேன்.

பொய். யோசிக்காமல் வந்துவிட்டது.

புதன்கிழமை பின்னேரம் திரும்பவும் ஓட்டோவில் கொண்டு ஓடினேன். டொக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். தோலுக்கடியில் சேலைன் ஏற்றி, நோவுக்கு ஊசி போட்டார். "வயிறு நிறையச் சாப்பிட்டது எண்டு சொன்னீங்க. அப்ப உள்ளுக்கு என்னவோ அடைச்சிரிக்கலாம். வில்லங்கப்படுத்தி வாயில சாப்பாடு தீத்த வேணாம், நாளைக்குப் பாப்பம்" என்றார். நான் ஏற்கெனவே பட்டினி போட்ட வயிறு, என் பொய்யால் இன்னும் ஒரு நாள் பட்டினி கிடக்கப் போகிறது. அது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னால் என் பிழையை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, துரையைக் காப்பாற்றும்" என்றேன். பட்டினி போட்டதை அவரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை எங்கள் மாதர் ஜெபக்கூட்டம். அங்கே ஜெப விண்ணப்பங்களை எழுதுகிற கொப்பி என் பொறுப்பு. பெயர், விஷயம், திகதி, பதில் கிடைத்ததா என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். யாருடைய விண்ணப்பம் எழுதத் தகுந்தது என்பதையும் நானே தீர்மானித்து வந்தேன். ஆறு மாதத்துக்கு முன் செல்வமலர் எழுந்து நின்றாள். தையல் வேலையும் நாலைந்து ஆடும்தான் அவளுடைய பிழைப்பு.

"என்ட ஆடு குட்டி போட்டு எழும்புதில்லக்கா. கொப்பியில எழுதுவீங்களா?"

"ஆட்டுக்கெல்லாம் எழுதினா கொப்பியில பக்கம் காணாதுகா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். செல்வமலரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

இந்த வியாழக்கிழமை அதே கொப்பியில் என் கையால் எழுதினேன்: "எங்கள் வீட்டில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை. நிலைமை மோசம்." யார் என்று கேட்டதற்கு, "பிறகு சொல்றன்" என்றேன். அவர்கள் கண்ணீரோடு ஜெபித்தார்கள். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

நம் சனத்தைப் பற்றித் தெரியும்தானே. நோயாளி என்றால் பார்க்காமல் விடமாட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து அரைமணித்தியாலம் ஆகவில்லை, செல்வமலரும் இன்னும் இரண்டு பேரும் தோடம்பழமும் பிஸ்கட்டும் ஒரு பிளாஸ்க் சூப்புமாக வாசலில் நின்றார்கள்.

"எங்ககா வருத்தக்காரர்?"

நான் மூலையில் இருந்த மட்டைப்பெட்டியைக் காட்டினேன். ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டாள். மற்றவள் சூப் பிளாஸ்க்கைப் பார்த்தாள், முயலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வமலர் மட்டும் நிலத்தில் உட்கார்ந்து துரையின் வயிற்றில் கை வைத்தாள்.

"ஒப்பரேசனுக்கு முதல் பட்டினி போட்டீங்களா?"

"ஓம். ஒரு நாள் முழுக்க."

"டொக்டருக்குச் சொன்னீங்களா?"

"இல்ல. சாப்பிட்டது எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் என்னைத் திட்டவில்லை. "அப்ப நாம ஜெபிக்கமுன்ன நீங்க டொக்டருக்குப் போன்ல கோல் எடுங்கக்கா" என்றாள்.

எடுத்தேன். அவர்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருக்க எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர், "இப்பவாவது சொன்னீங்களே அன்ரி. அப்ப அடைப்பா இரிக்காது, வெறும் வயிறுதான் வேல செய்யாம நிண்டுபோச்சு. உடனே கொண்டுவாங்க" என்றார். கொண்டுபோனோம். வயிற்றை இயங்க வைக்கிற மருந்து கொடுத்தார். புல்லையும் கீரையையும் தண்ணீர் விட்டு அரைத்து, ஊசியில்லாத சிறிஞ்சால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீத்தச் சொன்னார்.

அந்தப் பின்னேரம் செல்வமலர்தான் எனக்குப் பழக்கினாள். கடைவாயால் எப்படித் தீத்துவது, மூச்சில் ஏறாமல் எப்படிப் பிடிப்பது, வயிற்றை எந்தப் பக்கமாகத் தடவுவது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிறகு துரையின் தலையில் கை வைத்து ஜெபித்தாள். "ஆண்டவரே, இதுக்குக் கேக்கத் தெரியாது, நாங்க கேக்கிறம். இந்த அக்காக்கு இது வேணும். குடுங்க." அவ்வளவுதான். எனக்கு இது வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லாததை அவள் ஆண்டவரிடம் சொன்னாள்.

"உனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த ஆடு அடுத்த நாளே செத்துப்போச்சுக்கா. ரெண்டு குட்டியையும் சிறிஞ்சாலதான் பால் தீத்தி வளத்தன்."

ஆறு மாதமாக ஒவ்வொரு வியாழனும் அவளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஆடு என்னவாயிற்று என்று நான் ஒரு தரமும் கேட்டதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, அடுத்த தரம் தீத்த நேரமாகுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தேத்தண்ணீர் வைத்துவிட்டு வந்து பெட்டியைப் பார்த்தேன். புழுக்கை. சின்னதாக, காய்ந்து, கறுப்பாக, பதினொன்று. பெற்ற பிள்ளை முதல் மார்க் எடுத்தபோதும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அங்கேயே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். பத்து மணிபோல் துரை தானாக ஒரு கீரை இலையை இழுத்து மென்றது. அடுத்த வாரம் கேற்றுச் சத்தத்துக்கு ஓடிவந்தது. இப்போது மூத்திரமும் பீச்சுவதில்லை, செருப்புகளும் தப்பின.

மருந்தாலும் தீத்தியதாலும் பிழைத்தது என்று சிலர் சொல்வார்கள். ஓம், அப்படித்தான். ஆனால் நான் வாய் திறக்காமல் அந்த மருந்து வந்திருக்காது. நான் தள்ளிவிட்டவளையே ஆண்டவர் பிளாஸ்க்கோடு என் வாசலில் நிறுத்தினார். என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் அதுதான் என்று நான் விசுவாசிக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை எல்லாருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன். கொப்பியில் புதுப் பக்கம் திறந்து முதல் வரியில் செல்வமலரின் இரண்டு ஆட்டுக்குட்டிகளையும் எழுதினேன். இரண்டாவது துரை. அதற்குக் கீழே இப்போது ஒரு தோணி இயந்திரமும், கன்று ஈனப்போகிற ஒரு மாடும் இருக்கின்றன.

இதை வாசிக்கிற உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கலாம். இதைப் போய்ச் சபையில் சொல்வதா என்று வெட்கப்பட்டு வைத்திருப்பீர்கள். ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு வியாழக்கிழமை எங்களிடம் வாருங்கள். நான் எழுதிக்கொள்கிறேன். அடுத்த வாரம், அது என்னவாயிற்று என்றும் கேட்பேன்.