கோயில் குலுக்கையில் கம்பு

எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரையிலும் ஒரு சின்ன மண்கலயம் உண்டு. உலையில் போடத் தானியத்தை அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடியை வீட்டுக்காரி அந்தக் கலயத்தில் போடுவாள். பிறகுதான் மீதி உலைக்குப் போகும். மாதத்தின் முதல் ஞாயிறு பெண்கள் கலயங்களைச் சேலைத் தலைப்பால் மூடிக் கோயிலுக்குக் கொண்டுவந்து, பின்னறையில் ஆள் உயரத்துக்கு நின்ற மண் குலுக்கையில் கொட்டுவார்கள். ஈஸ்டர் கழிந்த வாரம் குலுக்கையின் வாயைத் திறந்து, சேர்ந்த தானியத்தைச் சமைத்து, சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். அதற்குப் பெயர் அசனம்.

பின்னாளில் பத்திரிகை வேலையாக ஜில்லாவில் பல சபைகளைப் பார்த்தேன். அசனம் அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் பந்தியில் இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்று சொல்லாமலே ஒதுங்கி உட்காராத சபைகள் மிகக் குறைவு. எங்கள் சபை அவற்றில் ஒன்று. அந்தப் பெயரை அது எப்படிக் காப்பாற்றிக்கொண்டது என்பதை நான் கூட இருந்து பார்த்தேன்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருடம் முந்தி நடந்தது இது. பாளையங்கோட்டையில் ஒரு வாரப் பத்திரிகையில் மூன்று வருடம் இருந்துவிட்டு, சபைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்திருந்தேன். சபைச் சங்கம் கூடும்போது நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் என் வேலை.

ஊர் தாமிரபரணிக்குத் தெற்கே இருக்கிறது. மேலத்தெருக்காரர்களுக்கு வாய்க்கால் பாயும் நஞ்சை. கீழத்தெருக்காரர்களுக்குப் பனையும் கொஞ்சம் புஞ்சையும். இரண்டு தெருவும் கிறிஸ்து வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அதற்கு முன்னால் இரண்டும் வேறு வேறு சாதி. கோயிலுக்குள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. யாரும் மறந்ததும் இல்லை.

மேலத்தெருவில் உலையில் விழுவது அரிசி. கீழத்தெருவில் நல்ல வருடங்களில் பாதி நாள் அரிசி, பாதி நாள் கம்பு. எல்லாம் ஒரே குலுக்கையில்தான் விழும். அசனத்துக்கு முந்தின நாள் இரண்டு தெருப் பெண்களும் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து சலிப்பார்கள். கம்பு சல்லடைக்குக் கீழே விழும், அரிசி மேலே நிற்கும். அரிசி பந்திக்கு, கம்பு அன்று வேலை செய்கிறவர்களுக்குக் கூழாக. யாரும் அதைக் குறைவாக எண்ணியதில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை பெய்யவில்லை. கீழத்தெருவில் அரிசி என்பதே ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட இல்லாமல் போயிற்று. கலயங்களில் கம்பு மட்டும் வந்தது. மார்கழியில் கூடிய சங்கத்தில் மேலத்தெருக்காரரான மூத்த அங்கத்தினர் எழுந்தார். அவரை இனி மூத்தவர் என்றே எழுதுகிறேன்.

“இந்த வருசம் பாதிக்கு மேல கம்புதான். இத எப்பம் சலிச்சு எப்பம் சமைக்க? அசனத்துக்குப் பாளையங்கோட்டையில இருந்து மிஷன் துரை வேற வாராரு. கம்புக்கு ஒரு குலுக்கை தனியா வச்சுட்டா வேல மிச்சம்,” என்றார்.

கீழத்தெரு அங்கத்தினர் இருவரும் அன்று வரவில்லை. பனைகளை ஏறத் தயார் செய்யும் நாட்கள் அவை. வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஒரு குற்றமும் காணாமல் குறிப்பேட்டில் எழுதினேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாகாது.

புது வருடத்தின் முதல் ஞாயிறு, கீழத்தெருப் பெண்கள் கலயங்களோடு பின்னறைக்குப் போனார்கள். பெரிய குலுக்கைக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு புதுக் குலுக்கை நின்றது. அவர்களுக்கு முன்னால் நின்றவர் பனையேறி ஒருவரின் மனைவி, பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துபவர். ஊர் முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும்.

“இது என்னத்துக்கு?” என்று, மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டார்.

“கம்புக்கு அக்கா. சங்கத்துல முடிவாச்சு.”

அக்கா இரண்டு குலுக்கையையும் ஒருமுறை பார்த்தார். கலயத்தைத் திரும்ப மூடிக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் நின்ற பெண்களும் வந்தார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் கீழத்தெருக்காரர் ஒருவரும் இல்லை. கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்குள் ஓலைப்பாய் விரித்து அவர்களே ஜெபம் நடத்தினார்கள். காய்ச்சுகிற காலம் இன்னும் தொடங்காததால் விடிலி காலியாக இருந்தது.

இதில் எல்லாரையும்விட அதிகம் இழக்க இருந்தவர், சபையை நடத்திவந்த உபதேசியார். வள்ளியூருக்குத் தெற்கேயிருந்து வந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். இளவயதில் அவர் கையிலிருந்த முதல் சபை இரண்டாகப் பிரிந்துவிட்டது. முந்நூறு கஜத்துக்குள் இரண்டு கோயில். ஒரு கோயிலின் ஜெபம் மற்றதில் கேட்கும். “தகப்பன் செத்த வீட்டுல அண்ணந்தம்பி தனித்தனியா அழுதாப்போல இருக்கும் சார். இன்னொரு தடவ அதப் பாக்க எனக்குச் சத்து இல்ல,” என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இப்போது கீழத்தெருக்காரர்கள் தங்களுக்குத் தனிச்சபை கேட்டு மேலிடத்துக்கு மனு எழுதப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அசனத்துக்குள் அவர்கள் திரும்பி வராவிட்டால் மனு போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

அவசரத்தில் அவர் ஒரு தப்புச் செய்தார். நல்ல மனசோடு செய்த தப்பு. கீழத்தெருவில் கம்பு மட்டும் இருப்பதுதானே பிரச்சினை என்று கணக்குப் போட்டார். தன் வீட்டு அரிசியைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, மனைவி கையில் கொடுத்து, கீழத்தெரு வீடுகளில் பைய வைத்துவிட்டு வரச் சொன்னார். “இத உங்க கைப்பிடியாப் போடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்,” என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம், எல்லார் கண்ணும் பார்க்க, அக்காவும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் உபதேசியார் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் முடிச்சுகளை வரிசையாக வைத்தார்கள். ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை. எதிரே பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“உபதேசியாரய்யா, நாங்க பசிச்சா உங்க வீட்டுல வாங்கித் தின்னுருக்கோம். அதுல வெக்கம் இல்ல. ஆனா வாங்குன அரிசியக் கொண்டுபோயி, எங்க கைப்பிடின்னு கர்த்தர்கிட்ட எப்படிய்யா பொய் சொல்லுதது?”

பெண்கள் போன பிறகு உபதேசியார் குனிந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். மனைவி உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அந்த ஞாயிறு கோயிலில் அறிவிப்பு வாசித்து முடித்ததும் அவர் பீடத்தைவிட்டு இறங்கிச் சபைக்கு நடுவே நின்றார். சொன்னது இவ்வளவுதான்:

“நான் ஒரு தப்புச் செய்தேன். கீழத்தெரு வீடுகளுக்கு என் அரிசியை அனுப்பி, அதைக் கைப்பிடியாகப் போடச் சொன்னேன். அவர்கள் உலையில் போடுவது கம்பு. அதில் ஒரு பிடி எடுத்தால் அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு பிடி பசி கூடுகிறது. அதுதான் காணிக்கை. அதைப் போதாது என்று சொல்லிவிட்டேன். சபை என்னை மன்னிக்க வேண்டும்.”

புதுக் குலுக்கையைப் பற்றியோ மேலத்தெருவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஆராதனை முடிந்ததும் நேரே விடிலிக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். இங்கே ஒன்று, அங்கே ஒன்று பேசுகிறாரா என்று பார்க்கும் பத்திரிகைப் பழக்கம் என்னிடம் இருந்தது. அங்கேயும் அதே வார்த்தைகள், அதே வரிசையில். கடைசியில் அக்கா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்தார். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் தன் வீட்டில் நடந்ததைப் பின்னால் மூத்தவரே எனக்குச் சொன்னார். சாப்பிட்டு எழுந்ததும் அவர் மனைவி கேட்டிருக்கிறார்:

“உலையில போடுததுல இருந்துதான் ஒரு பிடி எடுக்கணும். அப்படித்தான சொன்னாரு?”

“ஆமா. அதுக்கென்ன?”

“அப்பம் நாளைக்கு நம்ம உலையில கம்பு. நம்ம கைப்பிடியும் கம்பு.”

திங்கட்கிழமை அந்த அம்மாள் ஒரு ஓலைக் கடகத்தில் அரிசி எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்கு, அக்கா வீட்டுக்கே போனார். பள்ளிக்கூடத்துக்கு வரும் கீழத்தெருப் பிள்ளைகள் மூலம் அந்தப் பேச்சு அரைமணி நேரத்தில் எனக்கு வந்து சேர்ந்தது.

“கம்பு வேணும். இந்த அரிசிக்கு மாத்திக் குடு.”

“எதுக்கு, கோழிக்கா?”

“எங்க வீட்டு மூத்த சேவலுக்கு.”

அக்கா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பிறகு, “கம்பு குத்தத் தெரியுமா உனக்கு?” என்றார்.

“தெரியாது.”

“அப்பம் நானும் வாரேன். உமி போகாமப் பொங்கிப் போட்டின்னா, அண்ணாச்சி எங்களத்தான் வைவாரு.”

மேலத்தெருவின் நடுவில் உரலைப் போட்டு, கம்பில் தண்ணீர் தெளித்து, இருவரும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். உலக்கைச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். மறுநாள் இன்னும் இரண்டு வீட்டில் உரல் வெளியே வந்தது. சனிக்கிழமைக்குள் ஏழு வீடு. அக்கா ஏழு வீட்டுக்கும் போனார். புடைக்கத் தெரியாதவர்களைத் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்.

வாய்க்கால் கரையில் மூத்தவரும் சங்கத்தின் இன்னொரு அங்கத்தினரும் பேசிக்கொண்டதை நான் பக்கத்தில் குளித்துக்கொண்டே கேட்டேன்.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் அதானா?”

“அதேதான்வே. நாலு நாளாச்சு.”

“இறங்குதா?”

“மோருல கரைச்சா இறங்குது. வெயிலு உச்சிக்கு வார வரைக்கும் பசிக்கல, அத ஒத்துக்கிடணும்.” கொஞ்சம் பொறுத்து, “உம்ம வீட்டுல எப்பம்?” என்று கேட்டார்.

“நாளையில இருந்து.”

அடுத்த சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னது மூத்தவர்தான். கீழத்தெரு அங்கத்தினர் இருவர் வீட்டுக்கும் அவரே போய் அழைத்து வந்தார். “நான் கொண்டுவந்தத நானே எடுத்துக்கிடுதேன். வேலய மிச்சம் பாத்தேன், ஆளப் பாக்கல,” என்றார். கீழத்தெருக்காரர் ஒருவர், “சரி அண்ணாச்சி, உக்காருங்க,” என்றார். நான் குறிப்பேட்டில் பழைய முடிவை அடிக்கவில்லை. எழுதினதை அடிப்பது முறையில்லை. அதற்குக் கீழே புது முடிவை எழுதினேன்: குலுக்கை ஒன்று. அசனத்தில் அரிசியும் கம்பும் எல்லா இலையிலும்.

மூத்தவர் புதுக் குலுக்கையை வண்டியில் ஏற்றும்போது அக்கா அந்தப் பக்கமாக வந்தார்.

“உடைச்சிராதிய அண்ணாச்சி. கோழி அடைக்க ஆகும்.”

“கோழிக்கு எங்கம்மா இடம்? கம்பு போட்டு வைக்கணும். எங்க வீட்டுக்காரி இனி நிறுத்த மாட்டா போலிருக்கு.”

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு கீழத்தெரு முழுவதும் கோயிலுக்கு வந்தது. ஆராதனை முடிந்ததும் பின்னறை வாசலில் பெண்கள் நெருக்கியடித்தார்கள். மூத்தவர் மனைவி முதலில் கலயத்தைக் கவிழ்த்தார். கம்பு விழுந்தது. அடுத்தது அக்கா. அதற்குப் பிறகு எது எந்தத் தெருக் கலயம் என்று பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நான் முயன்று பார்த்தேன்.

ஈஸ்டர் கழிந்த வாரம் அசனம். எங்கள் பந்திக்கு ஒரு முறை உண்டு: கோயிலைவிட்டு எந்த வரிசையில் வெளியே வருகிறார்களோ, அந்த வரிசையிலேயே பாயில் உட்கார வேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். இடம் பார்த்து உட்காரவோ எழுந்து மாறவோ கூடாது. அன்று மூத்தவர் இரண்டு பனையேறிகளுக்கு நடுவே வந்து வாய்த்தார். துரைக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனும் ஒரு வண்ணாரும் இரண்டு பக்கம். இலையில் முதலில் கம்பஞ்சோறு, அதன் பக்கத்தில் அரிசிச்சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. துரை கம்பஞ்சோற்றைக் காட்டி இது என்ன என்று தமிழில் கேட்டார். “எங்கள் சபையின் கைப்பிடி,” என்றார் உபதேசியார். துரை இரண்டையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

உபதேசியார் உட்காரவில்லை. பந்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, முகம் முகமாகப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம், “ரெண்டு பேரு இல்ல,” என்றார். ஒருத்தி மேலத்தெருவில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவள். ஒருவர் கீழத்தெருவில் பனையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவர். இரண்டு இலையில் சோறு கட்டச் சொன்னார். மேலத்தெருவுக்கு அக்கா எடுத்துப் போனார். கீழத்தெருவுக்கு மூத்தவர், கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்து போனார்.

பொட்டலம் இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் உபதேசியார் பந்தியின் கடைசியில் உட்கார்ந்து தமக்கு ஒரு இலை போடச் சொன்னார். மனு எழுதப்படவே இல்லை. அந்தப் பந்தி அதற்குப் பிறகு ஒரு வருடமும் பிரிந்ததில்லை. அதை எந்தச் சபையிலும், எந்தக் கூட்டத்திலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.