சிவப்புக் கட்டைகள்

முதல் முறை கட்டுப் பிரித்தபோது என் கைகளை நான் பார்க்கவில்லை. மதுரை மருத்துவமனையின் நடைபாதையில், கட்டுப் போடும் அறை வாசலில் நின்றிருந்த என் கணவர் சண்முகவேலின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் மருந்து அடைக்கும் வேலை பார்த்தேன். அந்த அறையில் நானும் கூட வேலை பார்த்த செல்வியும் மட்டும். சித்திரை மாதத்து முற்பகல். எங்கோ ஏதோ உரசியிருக்கிறது. வெள்ளையாக ஒரு வெளிச்சம். அடுத்து நினைவில் இருப்பது, நான் வெளியே புழுதியில் கிடப்பது. செல்வி உள்ளே இருந்தாள்.

நான்காம் நாள் அவள் இறந்துபோனாள். எனக்கு ஒன்பதாம் நாள்தான் சொன்னார்கள்.

இரண்டு கைகளுக்கும் தோல் ஒட்டு சிகிச்சை செய்தார்கள் (தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து வெந்த இடத்தில் ஒட்டுவது). ஒட்டு பிடித்தது. ஆனால் ஆறும் தோல் சுருங்கும் என்பது எனக்குத் தெரியாது. வலிக்குப் பயந்து நான் விரல்களை அசைக்காமல் வைத்திருந்தேன். அவை உள்ளங்கையைப் பார்த்து வளையத் தொடங்கின. இதைப் படிக்கும் யாருக்காவது கை வெந்திருந்தால் இதை மட்டும் சொல்வேன்: வலித்தாலும் அசையுங்கள். நான் தள்ளிப்போட்ட ஒரு மாதம் இன்னும் என் சுண்டுவிரலில் இருக்கிறது.

ஆடி மாதம் வீட்டுக்கு வந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "செல்வியக் காப்பாத்தப் போயில்ல இப்படிக் கை வெந்து கெடக்க. உனக்கு நல்ல மனசு தாயி."

நான் மறுக்கவில்லை. முதல் நாள் பேசத் தெம்பில்லை. இரண்டாம் நாள் தெம்பு இருந்தது. அப்போதும் மறுக்கவில்லை.

என் மகள் கார்த்திகாவுக்கு ஒன்பது வயது. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தானே தலை பின்னப் பழகியிருந்தாள். என்னிடம் பேசுவாள், சோறு ஊட்டுவாள். ஆனால் கரண்டியால்தான். என் கை பக்கத்தில் வந்தால் அவள் உடம்பு தானாகவே ஓரடி நகர்ந்துவிடும். அவளுக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி கொடுக்கும் அம்மா கண்டிப்பானவர். "நேத்து எம்புட்டு நேரம் செஞ்சீக?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். களிமண் உருட்டு, துணி கிளிப்பை அமுக்கு என்பார். நான் பொய் சொல்வேன். விரலை மடக்கச் சொன்னதும் பொய் தெரிந்துவிடும்.

ஒருநாள் கார்த்திகாவையும் கூட்டிப்போயிருந்தோம். அவளிடம், "வீட்டுல வெளாட்டுச் சாமான் என்னம்மா வச்சிருக்க?" என்று கேட்டார்.

"மாமா சிங்கப்பூர்லருந்து கொண்டாந்த கட்டை இருக்கு. இன்னும் பிரிக்கல."

"அதப் பிரி. அம்மாவ அடுக்கச் சொல்லு."

அது ஒரு வீடியோ கேமைப் பார்த்துச் செய்த விளையாட்டுப் பெட்டி. ஒன்றோடொன்று அமுக்கிப் பொருத்தும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள். அவற்றால் பாலம், படி, பாதை கட்ட வேண்டும். முதுகில் பை மாட்டிய, பேட்டரி போட்ட ஒரு குட்டி மனிதனை அந்தப் பாதையில் நடத்திப்போக வேண்டும். அவன் கண்கள் இரண்டும் குட்டித் திரைகள். காலடியில் ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் எந்த நிறத்தின் மேல் நிற்கிறான் என்று அவனுக்குத் தெரியும். பச்சையில் நின்றால் புல்லில் நடக்கும் சத்தம், நீலத்தில் தண்ணீர் அளையும் சத்தம். ஆரம்பக் கட்டையில் நிறுத்தியதும் பாட்டு ஓடும். ஒரு நிமிடத்துக்குள் பாதையைக் கடந்துவிட வேண்டும்.

முதல் நாள் அந்த ஒரு நிமிடத்தில் என்னால் ஒரு கட்டையைக்கூட எடுக்க முடியவில்லை.

அழுத்தக் கையுறை என்று ஒன்று கொடுத்திருந்தார்கள் (தழும்பு தடிக்காமல் இருக்கத் தோலை இறுக்கிப் பிடிக்கும் உறை). நாளில் இருபத்து மூன்று மணி நேரம் அது கையில் இருக்க வேண்டும். கழற்றிக் கழுவி எண்ணெய் தேய்க்க ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் விளையாட்டு நேரம். கார்த்திகா பாதை போடுவாள். இரண்டு கட்டைகளை மட்டும் எனக்கென்று எதிரே வைப்பாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டும், பிறகு அமுக்க வேண்டும். 'டக்' என்ற சத்தம் கேட்க எனக்குப் பதினெட்டு நாளாயிற்று.

அதற்கு மறுநாள்தான் அவள் சிவப்புக் கட்டையை எடுத்தாள். குட்டி மனிதனை அதன் மேல் நிறுத்தினாள். அவன் கண்களில் தீ எரிந்தது. "ஆ! ஆ!" என்று கத்தினான். கார்த்திகா அவனைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். பிறகு உட்கார்ந்து, பெட்டியில் இருந்த சிவப்புக் கட்டைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு பையில் போட்டுப் பீரோவுக்கு அடியில் தள்ளினாள்.

புரட்டாசியில் எனக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை நடந்தது. வளைந்த விரல்களை விடுவிக்க, சுருங்கிய தழும்பைக் கீறிப் புதுத் தோல் வைத்தார்கள். மூன்று விரல்கள் நிமிர்ந்தன.

திரும்பி வந்து சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், அவளே அந்தப் பையை எடுத்து வந்தாள். தரையில் சிவப்புக் கட்டைகளை வட்டமாக அடுக்கினாள். நடுவில் இன்னொரு பொம்மையைப் படுக்கவைத்தாள். அது வெறும் பிளாஸ்டிக். அதற்குள் பேட்டரி இல்லை, சத்தம் வராது.

"இது செல்வி அத்தை. இது நீ." குட்டி மனிதனைச் சிவப்பின் மேல் நடத்திப்போய், படுத்திருந்த பொம்மையைத் தூக்கவைத்தாள். அவன் கத்திக்கொண்டே இருந்தான். "ஸ்கூல்ல டீச்சர் எல்லார்ட்டயும் சொன்னாக, எங்கம்மா காப்பாத்தப் போனாகன்னு."

கையுறை இல்லாத என் கைகள் அவளுக்கு முன்னால் கிடந்தன.

"இல்ல பாப்பா," என்றேன். "நான் செல்வியத் தூக்கப் போகல. என் சேலையில தீ புடிச்சிருச்சு. அதத் தட்டித் தட்டித்தான் கை வெந்துச்சு. வாசப்பக்கம் இருந்தேன். ஓடிட்டேன்."

அவள் பொம்மையைக் கீழே வைத்தாள். "அத்தை கூப்பிட்டாகளா?"

"கூப்பிட்டா."

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்று நாள் கட்டைகளைத் தொடவில்லை. நானும் கூப்பிடவில்லை. நான்காம் நாள் வந்து எதிரே உட்கார்ந்தாள். "செல்வி அத்தையோட அம்மாட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். செல்வியின் அம்மா நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கத்துத் தெருவில் இருக்கிறார். "வா மாரி" என்று பாய் விரித்தார். நான் உட்காராமலே சொல்லி முடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசுரு போறதுக்கு முன்னால ரெண்டு தடவ கேட்டா," என்றார் கடைசியில். "'மாரி வெளிய போயிட்டாளா'ன்னு. அம்புட்டுத்தான். கோவத்துல கேட்டாளா, என்னன்னு கேட்டாளா, எனக்குத் தெரியல தாயி."

காப்பி போட எழுந்தார். குடித்துவிட்டு வந்தோம்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னால் இப்போது தம்ளர் பிடிக்க முடியும், பொத்தான் போட முடியும். ஊசியில் நூல் கோக்க முடியாது. ஒட்டிய தோலுக்கு வேர்வை வராது, சூடும் தெரியாது, தொட்டாலும் தெரியாது. குளிக்கிற தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். முன்பெல்லாம் தீபாவளிக்கு இன்னும் எத்தனை லோடு என்றுதான் எங்களுக்குக் காலம் ஓடும். இப்போது எனக்கு மாதமும் கிழமையும் மறந்துவிடுகின்றன. செல்வி கூப்பிட்ட அந்த நேரம் மட்டும் அதே நீளத்தில் இருக்கிறது.

அன்று செல்வியின் அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது நெடுஞ்சாலையைக் கடக்க நின்றோம். லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. ஓர் இடைவெளி கிடைத்ததும் நடந்தோம். பாதி சாலையில்தான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். கார்த்திகா என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கைக்கும் தெரியவில்லை. அவள் விட்டுவிட்டால்கூடத் தெரியாது என்பதால், சாலையைக் கடந்து முடிக்கும்வரை நான் கீழேயே பார்த்துக்கொண்டு நடந்தேன்.