அங்குலம் போட்ட சுவர்க் கணக்கு

தெரு முழுக்க இஞ்ச் என்று சொல்லும்போது அவர் மட்டும் அங்குலம் என்பார். தொழில் கற்றுக்கொடுத்தவரின் வாய்ப்பழக்கம் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. நாளடைவில் அதுவே அவர் பெயராகவும் ஆகிவிட்டது. சட்டை தைக்க வருகிறவர்கள் "அங்குலம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இத்தனை வருடத் தையலில் துணி பற்றாமல் போனது ஒரே ஒரு தடவை. ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டில் இடது கை குட்டையாக நின்றுவிட்டது. பாவம், அந்த மாப்பிள்ளை கடைசிவரை இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து 'பத்தாது' என்ற சொல் காதில் விழுந்தாலே அங்குலம் டேப்பை எடுத்து மறுபடி அளக்க ஆரம்பித்துவிடுவார்.

மகள் வயிற்றுப்பிள்ளையோடு வந்திருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வர மாதக்கணக்காகும். வீட்டிலோ ஒரே ஒரு நீளக் கூடம். வாசல் பக்கத்துப் பாதியில் இரண்டு தையல் மெஷின்கள், வெட்டும் மேஜை, பட்டன் டப்பாக்கள். உள்பக்கத்துப் பாதியில் கட்டிலும் பீரோவும். மெஷின் ஓடினால் பீரோ கண்ணாடி கிடுகிடுக்கும்.

"இந்தச் சத்தத்துல குழந்தை எப்படிங்க தூங்கும்?" என்றாள் மனைவி. "குறுக்கே ஒரு சுவர் எழுப்பிடுங்க."

அங்குலம் உடனே டேப்பை எடுத்தார். அகலம் பன்னிரண்டு அடி, உயரம் பத்து அடி. நடுவில் மூன்றுக்கு ஏழில் கதவு. கதவைக் கழித்தால் தொண்ணூற்றொன்பது சதுர அடி. இதுவரைக்கும் அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி இருந்தது. தெருமுனையில் யாரோ போட்டு வைத்திருந்த செங்கல் ஒன்றையும் அளந்து பார்த்துவிட்டு வந்தார். நீளம் ஒன்பது இஞ்ச், உயரம் மூன்று, அகலம் நாலரை.

மகள் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். படுத்தபடியே செல்போனில் தட்டினாள். "ஐந்நூத்தி இருபத்தெட்டு வருதுப்பா. கல்லோட கல் ஒட்டி அடுக்கினா இவ்வளவு. நடுவுல கலவை வைப்பாங்கல்ல, அதை நான் சேர்க்கல."

"கலவை எவ்வளவு தடிமன்?"

"அரை இஞ்ச்னு வச்சுக்கோங்க."

இங்கேதான் அங்குலத்துக்குப் பொறி தட்டியது. இரண்டு துண்டைச் சேர்க்கும்போது ஓரத்தில் அரை இஞ்ச் தையலுக்குள் போய்விடும். பத்து இஞ்ச் துண்டு ஒன்பதரையாகத்தான் நிற்கும். செங்கலுக்கும் அதே கதைதானே? ஒன்பது இஞ்ச் கல் எட்டரையாகும், மூன்று இஞ்ச் இரண்டரையாகும். அப்படிக் கணக்குப் போட்டதில் அறுநூற்று எழுபத்தொன்று வந்தது. நல்லவேளை, நாம் யோசித்தோம் என்று மூச்சு விட்டார்.

சாயங்காலம் கொத்தனார் வந்தார். கூடத்தை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். "உடையறது கிடையறது எல்லாம் சேர்த்து நானூத்தம்பது போதும் அண்ணே."

அங்குலத்துக்குத் தலை கிறுகிறுத்தது. இடைவெளியே இல்லாமல் அடுக்கினால் ஐந்நூற்றுச் சொச்சம். இந்த மனுஷன் இடைவெளியும் விட்டு, அதற்கும் கீழே இறங்குகிறாரே!

"கொத்தனாரே, கலவையைச் சேர்த்துத்தானே சொல்றீங்க?"

"சேர்த்துத்தான் சொல்றேன்."

"சேர்த்தா கூடத்தானே செய்யணும்?"

"சேர்த்தா குறையும்ணே."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கு ஆள் மற்றவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்த மாதிரி இருந்தது. மகள் உள்ளிருந்து ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, பேச்சு அங்கே போய்விட்டது.

அன்று சாப்பிடும்போதும் அங்குலத்தின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பாதியில் கல் பற்றாமல் போனால்? பாதிச் சுவரோடு குழந்தை வந்து இறங்கினால்? பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நின்ற அந்த மாப்பிள்ளை கண்முன் வந்தான். மறுநாள் காலை எழுநூறு கல்லுக்குச் சொல்லிவிட்டார்.

சுவர் மளமளவென்று எழும்பியது. கூரையைத் தொட்டபோது வாசலில் இன்னும் ஒரு குன்று மாதிரி கல் மிச்சம் கிடந்தது. எண்ணிப் பார்த்தால் இருநூற்று அறுபது. சட்டை அளவு கொடுக்க வந்தவர்கள் செங்கல்மேல் ஏறி இறங்கி உள்ளே வந்தார்கள்.

"கடைக்குப் படிக்கட்டு வச்சுட்டீங்களா?" என்று பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் கேட்டுவிட்டுப் போனார்.

அங்குலத்துக்கு வேலை ஓடவில்லை. சுவரோரமாகத் தரையில் செங்கற்களை வெறுமனே ஒட்டி ஒட்டி வைத்துப் பார்த்தார். அகலம் முழுக்க நிரப்பப் பதினாறு கல் பிடித்தது. கதவுக்கு மேலே ஏறியிருந்த வரிசையை எண்ணினார். பதினைந்து, ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு. கீழிருந்து மேல்வரை வரிசைகளை எண்ணினார். நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்து நான்குதான் இருந்தது. மீதி இடத்தையெல்லாம் அந்தச் சாம்பல் நிறக் கோடுகள் பிடித்துக்கொண்டிருந்தன.

கை கழுவிக்கொண்டிருந்த கொத்தனார் சிரித்தார். "உங்க தையல் திங்கும்ணே. எங்க கலவை ஊட்டும்."

"அப்போ இது சேர்த்தா வளருதா?"

"வளருது."

புரிந்துவிட்டது என்று அங்குலம் தலையை ஆட்டினார். ஆனால் மெஷினில் உட்கார்ந்து இரண்டு துண்டைச் சேர்க்கும்போது, இது வளருமா குறையுமா என்று கை ஒரு நொடி தயங்கியது. இப்படித்தான் ஒரு பள்ளிக்கூடச் சட்டை அரை இஞ்ச் பெரிதாகப் போயிற்று. வளருகிற பையன் என்று அவன் அம்மா சந்தோஷமாக வாங்கிப் போனாள்.

சுவரால் வேறொரு குழப்பமும் வந்தது. உள்ளே பேசுவது இப்போது காதில் விழவில்லை. பத்துத் தையல் போடுவதற்குள் எழுந்து கதவைத் திறப்பார். "கூப்பிட்டீங்களா?"

"இல்லப்பா."

மறுபடியும் வருவார். "இப்போ?"

"வலி வந்தா ஊரே கேக்கிற மாதிரி கத்தறேன், போங்கப்பா!"

மிச்சக் கல்லுக்கு மனைவி ஒரு வழி சொன்னாள். பின்பக்கம் திறந்து கிடக்கிறது. தெருநாய்கள் செடிகளை மிதித்துவிடுகின்றன. மூன்று அடி உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் வைத்தால் என்ன? நீளம் இங்கேயும் பன்னிரண்டு அடிதான்.

இந்தத் தடவை அங்குலம் ஏமாறத் தயாராக இல்லை. கல் ஒன்பதரை, மூன்றரை என்று கலவையைச் சரியாகச் சேர்த்தார். முப்பத்தாறு சதுர அடிக்கு நூற்று ஐம்பத்தாறு கல் வந்தது. மகளும் தட்டிப் பார்த்துச் சரி என்றாள். மிதப்பில், நூற்று அறுபதை வைத்துக்கொண்டு மீதி நூறு கல்லை இஸ்திரிக்காரருக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

கொத்தனார் வந்து கயிறு கட்டினார். கற்களை இரண்டு இரண்டாகப் பக்கத்தில் வைத்து அடுக்க ஆரம்பித்தார்.

"ஏன் ரெட்டையா வைக்கிறீங்க?" அங்குலத்தின் குரல் மாறிவிட்டது.

"உள்ள கட்டினது ரெண்டு பக்கமும் வீட்டுச் சுவர் தாங்குது, நாலரை இஞ்ச் போதும். இது வெட்டவெளியில தனியா நிக்கணும்ணே. ஒன்பது இஞ்ச் வேணும்."

"அப்போ கல்லு?"

"ரெண்டு மடங்கு. ஏன், அதான் நிறைய இருந்துச்சே?"

அங்குலம் இஸ்திரிக்காரர் கடைப் பக்கம் பார்த்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க நா எழவில்லை. இருந்த கல்லில் சுவர் ஒன்றரை அடி எழும்பி நின்றுவிட்டது. மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாய் சுவரை அலட்சியமாகத் தாண்டி உள்ளே வந்தது, செடியை மோந்தது, தாண்டிப் போனது.

"அங்குலம்," என்றாள்.

மகள் மெல்ல நடந்துவந்து அந்தச் சுவர்மேல் உட்கார்ந்தாள். வீங்கிய கால்கள் இதமாகத் தரையைத் தொட்டன. "அப்பாடா! இது நல்லா இருக்கும்மா," என்றாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு காலை வெயிலுக்கு அவர்கள் உட்காருவது அங்கேதான். செடிகளைக் கம்பி வலை பார்த்துக்கொள்கிறது.

ஒருநாள் இஸ்திரிக்காரர் வந்தார். "அண்ணே, நீங்க குடுத்த நூறு கல்லை வச்சு கடைக்குள்ள ஒரு மேடை கட்டலாம்னு இருக்கேன். இன்னும் எவ்வளவு வேணும்? நீங்கதான் ரெண்டு சுவர் கட்டின ஆளாச்சே."

அங்குலம் வாயைத் திறந்தார். ஒற்றையா ரெட்டையா, கூட்டுவதா கழிப்பதா என்று எல்லாம் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டது. திறந்திருந்த கதவு வழியே உள்ளே மகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கக் குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல உள்ள வாங்க," என்றார் இஸ்திரிக்காரரிடம். "ஒரு வாய் தண்ணி குடிங்க."