சக்கரத்தில் அப்பிய சந்தனம்

அந்த ஜப்பான்காரப் பெண் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள் என்று போனில் பார்த்தபோது, நான் வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் தரையில் கத்தி வைத்த ஷூ போட்டு ஓடுகிறவள். கடைசி ஓட்டம் முடிந்ததும் குனிந்து அந்த ஐஸைக் கும்பிட்டாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை.

அவளை முதலில் டிவியில் பார்த்தபோது நான் ஆறாம் வகுப்பு. மராட்டி ஊரான சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிப் பிள்ளைகள் எல்லாரும் பார்க்கிங்கில் சக்கரம் வைத்த ஸ்கேட்ஸ் ஓட்டுவார்கள், நானும் ஓட்டுவேன். டிவியில் அவள் ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு, மறு கையை வீசி, தரையோடு தரையாகக் குனிந்து போனாள். அன்று அவளுக்குப் பதக்கம் இல்லை. ஆனாலும் எழுந்து நின்று சிரித்தாள். மறுநாளே நானும் ஒரு கையை முதுகில் கட்டினேன். ஸ்கேட்டிங் கிளப் மாஸ்டர் பார்த்துவிட்டு, வா என்று சேர்த்துக்கொண்டார்.

பெரியப்பாவும் அன்று டிவி பார்த்தார். "என்ன இது, உடம்போட ஒட்டின சட்டை? நாளைக்கு இவளும் இப்படித்தான் போட்டுக்கிட்டு நிப்பாளா?" என்று என்னைக் காட்டி அப்பாவிடம் கேட்டார். அப்பாவை மதுரையிலிருந்து அழைத்து வந்து பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். எங்களோடுதான் இருந்தார். வீட்டில் சாமிக்கு அடுத்தபடி அவர்தான். சில நாள் சாமிக்கும் முந்தி.

தசரா விடுமுறையில் தேர்வு ஓட்டம் வைத்தார்கள். அதில் ஜெயித்தால்தான் பெரிய மைதானத்தில் பயிற்சி, இல்லையென்றால் பார்க்கிங்தான். ஓட்டம் விஜயதசமி அன்று காலை எட்டு மணிக்கு. அப்பா பட்டறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து, ஒவ்வொரு பேரிங்காகக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கொடுத்தார். விரலால் தட்டினால் சக்கரம் நிற்காமல் சுற்றும். நான் சும்மா தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் நாள் ஆயுத பூஜை. அப்பாவின் ஸ்பேனர்கள், என் புத்தகங்கள், பெரியப்பாவின் ஸ்கூட்டர் சாவி எல்லாம் பித்தளைத் தாம்பாளத்தில் இருந்தன. நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், நடுவில் என் ஸ்கேட்ஸ். சக்கரம் சக்கரமாக, இரண்டு பக்கமும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார் பெரியப்பா.

"பெரியப்பா, காலையில ரேஸ்!"

"இதுவும் ஆயுதம்தானடி. பூஜையில வச்சதை மறுநாள் பூஜை பண்ணாம தொடக்கூடாது. பத்தரைக்கு மேலதான் நல்ல நேரம். நான் ஆரத்தி காட்டி எடுத்துத் தர்றேன்."

"எட்டு மணிக்கு ஓட்டம்!"

"சாமியைவிட ஓட்டம் பெருசா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுண்டலைப் பார்த்தார். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அம்மா அடுப்படிக்குப் போனாள். நான் பால்கனியில் போய்க் கத்தி அழுதேன். கீழே பெரியப்பா ஸ்கூட்டரை உதைத்து முக்குக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போனார். கண்ணீரோடு அதையும் பார்த்தேன்.

விடியும் முன்னே அம்மா எழுப்பினாள். ஈரத் தலையோடு நின்றாள். எங்கள் வீட்டில் ஆரத்தித் தட்டைப் பெரியப்பாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. அன்று அம்மா தானே விளக்கேற்றி, வெல்லம் வைத்து, கற்பூரம் காட்டினாள். மணியை மட்டும் அடிக்கவில்லை. பிறகு ஸ்கேட்ஸை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். "வாடி" என்றாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே இரண்டு பேரும் படி இறங்கினோம்.

லோக்கல் ரயிலில் அம்மா சக்கரங்களைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தாள். மேலே இருந்த சந்தனம் போய்விட்டது. பேரிங்குக்குள் புகுந்தது காய்ந்து இறுகிவிட்டது. கோட்டில் நின்று விசில் கேட்டதும் பாய்ந்தேன். முதல் வளைவிலேயே வலது கால் மண்ணில் புதைந்த மாதிரி நின்றது. முட்டி கிழிந்தது. எழுந்து, காலை இழுத்து இழுத்துக் கடைசியாக வந்தேன். மாஸ்டர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். "ஜாம் ஹோ கயா, பேட்டா. யே க்யா லகாயா?" என்றார். சக்கரம் இறுகிவிட்டது, இதில் என்ன தடவினாய் என்று கேட்டார். சந்தனத்துக்கு இந்தியில் என்ன என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை.

"உன் சாமியும் வேணாம், நீயும் வேணாம்!" என்று எல்லார் முன்னாலும் அம்மாவிடம் கத்தினேன். அவள் என் முட்டியைத் துடைத்தாள், அதே துண்டால்.

வீட்டில் பெரியப்பா வாசலிலேயே நின்றார். "பாத்தியா? அவளே கூலி குடுத்துட்டா" என்று சரஸ்வதி படத்தைக் காட்டினார். அப்புறம் தீபாவளி வரை அம்மா சமைத்ததை அவர் சாப்பிடவில்லை. ஸ்கேட்ஸ் பரணுக்குப் போனது. அந்த விஜயதசமி சாயங்காலம் மராட்டிப் பிள்ளைகள் வழக்கப்படி தங்கம் என்று சொல்லி ஆப்டா இலையைக் கையில் வைத்தார்கள். நான் கசக்கி எறிந்தேன். அந்த வருஷம் என் கைக்கு வந்த தங்கம் அதுதான்.

அந்த ஜப்பான்காரி நாலு வருஷம் கழித்து மறுபடி ஓடினாள். மறுபடி தோற்றாள். அதற்கும் நாலு வருஷம் கழித்து, முப்பதைத் தாண்டிய வயதில் ஜெயித்தாள். தோற்பதற்கு அவளுக்கு எத்தனை வருஷம் கொடுத்தார்கள்! எனக்கு ஒரு காலைப்பொழுது. அதிலும் சக்கரத்தில் சந்தனம்.

நான் இன்றைக்கும் சரஸ்வதியைக் கும்பிடுகிறவள். அவள் எந்தப் பெண்ணின் சக்கரத்தையும் பிடித்து நிறுத்துகிறவள் இல்லை. அவள் பேரைச் சொல்லி நிறுத்தியது வேறு கை.

அன்று விடியற்காலையில், ஸ்கேட்ஸை எடுக்கும் முன் அம்மா தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். நான் பொறுமையில்லாமல் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். தாம்பாளத்தில் ஓர் இடத்தில் சந்தனத் தடம் மட்டும் இருந்தது, அங்கே வைத்த பொருள் இல்லை. பூஜையில் வைத்திருந்த ஸ்கூட்டர் சாவி, கதவுக்குப் பின்னால் எப்போதும் போல ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா தாம்பாளத்தைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தீப்பெட்டியை எடுத்தாள்.

ரயிலுக்கு நேரமாகிறதே, அம்மா ஏன் இப்படி நிற்கிறாள் என்றுதான் எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது.