டேக்குக்கு எத்தனை மடிப்பு

“டேக் ஆஃப்” என்றபடி குளியல் துண்டை நீளவாக்கில் ஒரு மடி. “செருப்பைக் கழட்டுறது.” மறுபடியும் “டேக் ஆஃப்”, இப்போது குறுக்கே ஒரு மடி. “பிளேன் கிளம்புறது.” மூன்றாவது மடிப்பில் கை கொஞ்சம் தயங்குகிறது. “டேக் எ டே ஆஃப். லீவு போடுறது. நமக்குக் குடுத்து வைக்காதது.” துண்டு அலமாரிக்குள் போகிறது, அடுத்த துண்டு கைக்கு வருகிறது.

எங்கள் ஹோட்டலின் துணி அறையில் பதினான்கு வருடமாக இருக்கும் இவர் எல்லாருக்கும் மடிப்பக்கா. நான் மேலே டெலிஃபோன் பிரிவில் உட்கார்ந்து நாள் முழுக்க முகம் தெரியாதவர்களுக்கு வணக்கம் சொல்கிறவள். மதியம் சாப்பாட்டு டப்பாவோடு துணி அறைக்கு இறங்கிவிடுவேன். அங்கே நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியும் என்று நினைத்தால் அது என் தப்பு. அக்கா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “வந்தியா டெலிஃபோன்? கையை நல்லாக் கழுவிட்டு அந்த மூலையைப் பிடி” என்பார்.

அறை தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவர் ஓரமாக ஓடும் குழாயில் நீராவி முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வெளியே மழையா வெயிலா என்பதை, மேலிருந்து வரும் கால்மிதித் துணிகளின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் அக்கா தெரிந்துகொள்கிறார். மூன்றாம் மாடியில் மேற்பார்வையாளர் வேலை காலியானதும் முதல் ஆளாக விண்ணப்பம் போட்டதற்குக் காரணம் அதுதான். அந்த மேற்பார்வையாளரின் மேசை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. “பெருசா ஒண்ணும் ஆசை இல்லடி. மழை பெஞ்சா, மழை பெய்யுதுன்னு கண்ணால பாத்துத் தெரியணும். அவ்வளவுதான்.”

நடுவில் ஒரு தடங்கல். மாடியில் வேலை பார்க்க வேண்டுமென்றால் ஆங்கில வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். மூன்று தடவைதான் உட்கார விடுவார்கள். அக்கா இரண்டு தடவை உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் வாயில் வராமல் எழுந்து வந்துவிட்டார்.

இத்தனை சொல் இருக்க, டேக்கை ஏன் பிடித்துக்கொண்டார் என்று ஒரு நாள் கேட்டேன். “நடைபாதையில ஒரு வெளிநாட்டு ஆளு போன்ல பேசிட்டுப் போனான். நாலு வாக்கியம் காதுல விழுந்துச்சு. நாலுலயும் டேக். சரி, இந்த ஒண்ணைக் கெட்டியாப் பிடிச்சா மத்ததெல்லாம் பின்னாலயே வந்துடும்னு நெனச்சேன். படுபாவி, இது ஒண்ணே முப்பத்தொண்ணா நிக்குது!”

முப்பத்தொன்றையும் நோட்டில் எழுதி உருப்போடும் ஜாதி இல்லை அக்கா. துணியில் ஏற்றி வைத்திருக்கிறார். முகத்துண்டுக்கு நான்கு மடிப்பு, அதில் விருந்தாளியிடம் பேசும் நான்கு டேக். குளியல் துண்டில் மூன்று. தலையணை உறையில், பிள்ளை அப்பா ஜாடையில் இருக்கும் ‘டேக் ஆஃப்டர்’ முதல் ஆள் ஏமாந்து போகும் ‘டேக்கன் இன்’ வரை குடும்ப விவகாரம் அத்தனையும். இரட்டைக் கட்டில் விரிப்பில் பத்து. அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால்தான் என் சாப்பாட்டில் மண் விழுகிறது. நான் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அக்கா மற்ற இரண்டு முனையோடு ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே என்னை நோக்கி வருவார். முனைகள் சேர்வதற்குள் நான் அர்த்தம் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் விரிப்பை ஒரு உதறு உதறுவார், என் சாப்பாட்டு டப்பாவின் மூடி பறக்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. மடித்த துணியைக் கட்டிலில் விரிக்கத்தான் பிரிக்கலாம், வேறு எதற்கும் கலைக்கக் கூடாது. நான் ஒரு தடவை புத்தி கெட்டுப்போய், மடித்து வைத்த துண்டில் முகம் துடைத்துவிட்டு அதே மாதிரி மடித்து வைத்தேன். அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். துவைத்த சட்டைகளை அக்கா டேக் டேக் என்று மடித்துக்கொண்டிருக்க, அவர் என்னிடம் நியாயம் கேட்டார்.

“இவ இங்கிலீஷ்காரனைத் திட்டுறாளே, நம்ம ‘எடு’ மட்டும் ஒழுங்கா இருக்கா, நீயே சொல்லும்மா. பசி எடுக்குதுங்கறோம். எங்கேர்ந்து எதை எடுக்குது? துணி எடுக்கப் போறோம்ங்கறோம். சும்மா எடுத்துட்டு வந்தா கடைக்காரன் விடுவானா? குளிரெடுக்குது, ஓய்வெடுக்கறோம், போட்டோ எடுக்கறோம், நான் தெனமும் அஞ்சரைக்கு பஸ்ஸை எடுக்கறேன். இவ எங்கம்மாகிட்ட இன்னும் நல்ல பேரே எடுக்கலை.”

“உங்கம்மாகிட்ட எடுக்கறதுக்கு முப்பத்தொண்ணையும் ஒரே மூச்சுல படிச்சிடலாம்” என்றார் அக்கா, சட்டைக் காலரை நீவியபடி.

“அதை விடு. ஒருத்தர் ஒண்ணைக் குடுத்தா கை நீட்டி வாங்கிக்கிறது, அதுவும் டேக்குதானே? அது எந்தத் துணியில இருக்கு?”

“அதுக்குத் துணி எதுக்குங்க? நீட்டினா யாருக்கும் புரியும்.”

இவ்வளவு வாய் உள்ளவர் தேர்வில் ஏன் ஊமையானார் என்பது எனக்கு மண்டைக் குடைச்சலாகவே இருந்தது. பதில் பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. சும்மா நின்றிருந்தவரிடம், “அக்கா, பிளேன் கிளம்பறதுக்கு என்ன?” என்றேன். பேந்தப் பேந்த விழித்தார். காலையில்தான் அதை நாற்பது துண்டில் சொல்லியிருந்தார்! சந்தேகப்பட்டு, கையில் இருந்த செய்தித்தாளைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு மடி, இரண்டாவது மடி. “டேக் ஆஃப்!” என்றார். பக்கத்தில் நின்றவர் ஒதுங்கி நின்றார். விஷயம் இதுதான். அக்காவின் ஆங்கிலம் விரலில் இருந்தது. கை சும்மா இருந்தால் வாயும் சும்மா இருக்கும்.

கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “ஒரு கைக்குட்டை கொண்டு போங்க, மடியில வச்சு மடிச்சுக்கிட்டே பேசுங்க” என்றேன். நான்கு கைக்குட்டை வாங்கி, கஞ்சி போட்டுத் தயார் செய்தோம்.

மூன்றாவது தேர்வு போன வாரம் நடந்தது. குறிப்பெழுத ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், நான் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பயிற்சி அதிகாரி அம்மாள் ஏசிக் குளிர் தாங்காமல் பெரிய பருத்திச் சால்வையைப் போர்த்தியிருந்தார். பக்கத்தில் எங்கள் மேனேஜர். அவருக்கு எந்த ஏசியிலும் வியர்க்கும், முகத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அக்கா உள்ளே வந்ததும் அதிகாரி முதலில் சொன்னது: “பை, போன், கைக்குட்டை எல்லாம் வெளியில வச்சிடுங்க. போன தேர்வுல ஒருத்தர் கைக்குட்டையில பதில் எழுதிட்டு வந்துட்டார்.”

அக்கா நான்கு கைக்குட்டையையும் கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்து, காலிக் கையை மேசைமேல் வைத்தார். அந்தக் கைகள் யாருடையவோ போலக் கிடந்தன.

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு விருந்தாளி கோபமாக நிற்கிறார், அறை இன்னும் தயாராகவில்லை, நீங்கள் என்ன சொல்வீர்கள்? அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் குறிப்பேட்டில் தேதியை மூன்றாவது தடவையாக எழுதினேன். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அப்போது எங்கள் மேனேஜர், அவர் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும், கழுத்தைத் துடைத்த முகத்துண்டைச் சுருட்டி மேசைமேல் பொத்தென்று போட்டார். பதினான்கு வருடம் துணி மடித்தவர் கண்ணெதிரே ஒரு துண்டு கசங்கிக் கிடக்கிறது! அக்காவின் கை தானாகப் போனது. எடுத்து, உதறி, முதல் மடிப்பு.

“ப்ளீஸ் டேக் எ சீட், சார்.” இரண்டாவது மடிப்பு. “இட் வில் டேக் டென் மினிட்ஸ் ஒன்லி.” மூன்றாவது. “ஐ வில் டேக் கேர், சார்.” நான்காவதை நீவி, அதிகாரியை நேராகப் பார்த்து, “டேக் இட் ஈஸி” என்றார். மேனேஜர் உண்மையாகவே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதிகாரியின் புருவம் ஏறியது. சரி, விருந்தாளி அறைக்குப் போய்விட்டார், ஆனால் குளியலறையில் தண்ணீர் வடியவில்லை என்று மறுபடி வருகிறார், இப்போது? அக்கா கையைப் பார்த்தார். துண்டு நான்கு மடிப்பும் முடிந்து மேசை ஓரத்தில் அழகாக இருந்தது. அதைப் பிரித்தால் போதும். பிரிங்க அக்கா, பிரிச்சுத் தொலைங்க என்று என் மனசு கத்தியது. அக்கா துண்டை ஒரு விரலால் நேராக்கி வைத்தாரே ஒழியக் கலைக்கவில்லை. வாய் மூடியது மூடியதுதான். ஜன்னல் போய்விட்டது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து கத்திவிடலாமா என்று பார்த்தேன், குறிப்பெழுதுகிறவள் வாயைத் திறந்தால் தேர்வே செல்லாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

அதிகாரி துண்டைப் பார்த்தார். அக்காவின் கையைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். பிறகு தோளிலிருந்த சால்வையை மெதுவாக எடுத்து, மடிக்காமல், மேசைமேல் அப்படியே தள்ளினார்.

அக்கா எழுந்து நின்றார். சால்வையை வாங்கி ஒரு உதறு உதறி, கறை இருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். வெளியே நல்ல மழை. ஒரு நொடி துணியை மறந்து அதைப் பார்த்தார்.

“இது பெருசு மேடம். ஒத்தை ஆளால ஆகாது” என்றார் தமிழிலேயே. இரண்டு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் மேசைக்கு மேலாக நீட்டினார்.

“டேக்.”

அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, இரண்டு கையையும் நீட்டினார்.