காற்றாடிக்கு வைத்த எண்ணெய்

எங்கள் ஊர் பெருமாட்டியில், தோட்டத்துக் கிணற்றோரம் ஒரு மோட்டார் ரூம் உண்டு. புது மோட்டார் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டதால் அறை காலியாகக் கிடந்தது. அதில் தேங்காய் மட்டை அடுக்க அப்பா நினைத்தார். பட்டறை வைக்க நான் நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் மெக்கானிக்கல் டிப்ளமோ வேறு. அறை யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"விஜயதசமியன்னிக்கு உன்ற காத்தாடி சுத்தட்டும் அம்முணி, சாவியத் தந்தர்றேன். இல்லீன்னா மட்டைய அடுக்கீருவேன்," என்றார் அப்பா.

காற்றில் சுற்றிக் கரண்ட் எடுக்கும் காற்றாடி அது. குழாயை அறுத்துச் செய்த இறக்கைகள், பழைய டைனமோ, கம்பம் எல்லாம் தயார். இறக்கைகளைத் தாங்கும் இரும்புத் தண்டான ஷாஃப்ட் மட்டும் பேரிங்குக்குள் பிடிமானமில்லாமல் வழுக்கியது. லேத்தில் சரியான அளவில்தான் கடைந்து கொடுத்தார்கள். பளபளப்பு போதவில்லை என்று ஒரு மதியம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவள் நான்.

"ஷாஃப்ட்டச் சுத்தியும் உளியில புள்ளி குத்து. இரும்பு மேடாகி, பேரிங்கு கப்புனு புடிச்சுக்கும்," என்றார் அப்பா.

"அதெல்லாம் பட்டிக்காட்டு வேலைங்கப்பா. இதுக்குன்னே பசை இருக்குதுங்க."

பசைக் குப்பியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை உரக்கப் படித்து, அவருக்கு விளக்கவும் செய்தேன்: ஒரு துளி எண்ணெய்கூடப் படக்கூடாது, இறுக ஒரு நாள் ஆகும். ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் எந்தக் கருவியையும் தொடமாட்டோம். முந்தின நாள் ஒட்டிவிட்டால் பூஜை நாள் முழுக்கப் பசை இறுகும். அறிவியலும் சம்பிரதாயமும் என் ஏற்பாட்டில் கைகோத்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் மாலை, சின்ன வயதிலிருந்து செய்வதுபோல, மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை எல்லாவற்றையும் கழுவித் தேங்காய் எண்ணெய் துணியால் துடைத்தேன். ஷாஃப்ட்டையும் துடைத்தேன். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே. பிறகு பசை தடவி பேரிங்கில் சொருகினேன். மறுநாள் அம்மா அதற்குச் சந்தனப்பொட்டு வைத்தாள்.

விஜயதசமி காலையில் காற்றாடியைக் கம்பத்தில் ஏற்றினோம். நன்றாகத்தான் சுற்றியது. சுற்றிக்கொண்டே ஷாஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தது. இறக்கைகள் கம்பத்தில் படார் படாரென்று அடித்தன.

"சுத்துதுதான். ஆனா ஊரு போகப் பொறப்பட்டிருச்சே!" என்றார் அப்பா.

கழற்றினோம். அம்மா ஷாஃப்ட்டை மோந்து பார்த்தாள். "ஏங்கண்ணு, தலைக்கு வெக்கற எண்ணெ மணக்குது?"

"நாந்தானுங்கம்மா தொடச்சேன். பூசைக்கு."

"பூசைக்குன்னா சரி," என்றாள் அம்மா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மதியத்துக்குள் அப்பா அறையில் மட்டை அடுக்கி முடித்தார். பந்தயம் பந்தயம்தான் என்று நானும் சுமந்தேன். மாலையில் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து ஷாஃப்ட்டை பெட்ரோலால் துடைத்து, சுற்றிலும் புள்ளி குத்தினேன். மேலே பசையும் தடவினேன். படித்ததை முழுக்க விட்டுவிட முடியாதல்லவா?

அன்றைக்குப் பிறகு ஷாஃப்ட் அசையவில்லை. ஒயர் எட்டிய இடம் மோட்டார் ரூம்தான், அதனால் பல்பை அங்கேயே மாட்டினேன். எங்கள் தேங்காய் மட்டைகள் இப்போது காற்று வெளிச்சத்தில் இருக்கின்றன. நான் இன்னும் கொட்டகையில்தான் வேலை செய்கிறேன்.