கடலுக்குக் கட்டிய சோறு

கடல் எங்களுக்கு ஒன்றும் தூரத்தில் இல்லை. தன்னாமுனையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கொஞ்சம் போனால் கடல். காற்று திரும்புகிற மாதங்களில் அலைச் சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். ஆனால் யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துக் கரைக்குப் போகிற பாதையை இராணுவம், எங்கள் வாயில் ஆமி, அடைத்து வைத்திருந்தது. அக்காவின் மகளுக்கு நாலரை வயது. அவள் கடலைக் காதால் மட்டுமே அறிந்தவள்.

பாசிக்குடாக் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சனத்தை விடுகிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் அத்தான், அதாவது அக்காவின் புருஷன். அவர் வாவியில் வலை போடுகிறவர். கரையில் நாலு பேர் கூடி நின்று கதைப்பதெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்து சேரும், அதில் பாதி பொய்யாக இருக்கும். இது எப்படியோ உண்மையாக இருந்துவிட்டது. காலையில் போகலாம், பின்னேரம் மூன்று மணிக்குள் கரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

அக்கா அந்த மாதக் கடைசியில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக இருந்தாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஏஜென்சிக்காரன் நாளும் சொல்லிவிட்டான். இரண்டு வருட ஒப்பந்தம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பிள்ளைக்கு மட்டும் தெரியாது. யார் சொல்வது என்று ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மூன்று தடவை சொல்லத் தொடங்கி மூன்று தடவையும் பிள்ளைக்குத் தலைமுடியை இழுத்துச் சீவிவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

ஒருநாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"கடலைக் காட்டிப்போட்டுச் சொல்லப்போறன். இந்தத் தண்ணிக்கு அங்கால ஒரு ஊர் கிடக்கு, அம்மா அங்க போய் வேலை செஞ்சுபோட்டு வாறன் எண்டு. தண்ணிக்குள்ள நிண்டு விளையாடக்குள்ள சொன்னா அழமாட்டாள்."

"பாசிக்குடாவுக்கு அங்கால மலேசியாதான் கிடக்கு. குவைத் மற்றப் பக்கம்," என்றேன். நான் அப்போது உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். யாராவது பிழையாக ஒன்று சொல்லி, அதை நான் திருத்தாமல் விட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

"அவளுக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. நீ வாயைப் பொத்திக்கொண்டு இரி."

அன்றிலிருந்து அந்தப் பயணம் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்களுக்கு அது கடல் பார்க்கிற நாள். அக்காவுக்கு அது பிள்ளையிடம் விடைபெறுகிற நாள். எனக்கு மட்டும் இரண்டும் தெரியும். தெரிந்துகொண்டு சிரிப்பது லேசான வேலை இல்லை.

ஒரு நாள் பயணத்துக்கு நாங்கள் மூன்று கிழமை ஆயத்தம் செய்தோம். அப்பா வாழைச்சேனைக் காகித ஆலையில் இருபது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். எதுவாக இருந்தாலும் கடதாசியில் இருக்க வேண்டும் அவருக்கு. கிராம சேவகரிடம் இரண்டு தரம் நடந்து ஒரு கடிதம் எடுத்தார். அதில் எங்கள் ஆறு பேரின் பெயரும் அடையாள அட்டை இலக்கங்களும், பிள்ளைக்கு வயதும், "கடற்கரைக்குச் சென்று அன்றே திரும்புவர்" என்ற வசனமும் இருந்தன. அதை எங்களுக்கு உரத்து வாசித்துக் காட்டினார். "இந்த றோட்டில எனக்குத் தெரியாத சென்றி இல்ல," என்றும் சொன்னார். சோதனைச் சாவடிகளைத்தான் நாங்கள் சென்றி என்போம்.

பயணத்துக்கு ஏறாவூரில் அப்பாவுக்குத் தெரிந்த காக்கா ஒருவரின் வான் வண்டியைப் பிடித்தோம், ஓட்டுவதும் அவர்தான். முஸ்லிம்களில் மூத்த ஆண்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் நம்பப் பயந்திருந்த காலத்திலும் அவர் வீட்டுப் பெருநாள் சாப்பாடு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வந்த பாத்திரத்தை அம்மா ஒருநாளும் வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை. கடைசியாக வந்த வட்டிலப்பம் என்ற இனிப்புக்கு இன்னும் பதில் போகவில்லை என்பது அம்மாவின் மனதில் கிடந்து உறுத்தியது.

சமையல் அம்மாவின் பொறுப்பு. காக்காவும் சாப்பிட வேண்டும் என்று இறைச்சி வேண்டாம், வாவி இறால் என்று முடிவாயிற்று. இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அவித்த முட்டை, சம்பல். ஆளுக்கு இரண்டு நேரம் என்று ஏழு பேருக்குப் பதினாலு பார்சல். திரும்பும் வழியில் காக்காவின் வீட்டுக்குக் கொடுக்க ஆறு. "கடற்கரையில ஆராவது தெரிஞ்ச ஆக்கள் வந்து நிண்டா மூஞ்சையப் பாத்துக்கொண்டு தின்னவா?" என்று மேலும் நாலு. ஆக மொத்தம் இருபத்துநாலு.

சோற்றைப் பானையிலேயே கொண்டுபோவோம் என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். வானுக்குள் பானை கவிழும் என்று அம்மா விடவில்லை. வாழை இலையை நெருப்பில் வாட்டி, சோற்றை வைத்து மடித்து, மேலே பத்திரிகைத் தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டுக் கட்டினார். ஒரே அளவில், ஒரே முடிச்சில், செங்கல் அடுக்கியது போல இரண்டு பை நிறைய. அம்மாவின் கைக்கு அது நல்ல பழக்கம். அதற்கு முந்திய வருடங்களில் காட்டில் இருந்து ஆமியோடு சண்டை பிடித்த இயக்கப் பொடியன்மாருக்கு வீட்டுக்கு இத்தனை பார்சல் என்று கேட்டு வருவார்கள். கேட்டால் கொடுக்க வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கட்டாத வீடே இல்லை. அதனால்தான் அன்று காலை அந்த இரண்டு பைகளைப் பார்த்த எங்கள் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஊரையே திருத்துகிற எனக்கும் தோன்றவில்லை.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். பிள்ளை பச்சைச் சட்டை போட்டு, அக்காவின் மடியில் இருந்து, ஒவ்வொரு குளத்தையும் காட்டி "இதா கடல்?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். முதல் இரண்டு சென்றியிலும் கடிதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாதையே அவர் போட்டது மாதிரி. வாழைச்சேனைக்குப் பாதித் தூரம் இருக்கும்போது மூன்றாவது சென்றி. அங்கே நின்ற ஆமிக்காரப் பையனுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். பின்கதவைத் திறந்து பையை விரித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அந்தப் பார்சல் எதற்குக் கட்டுவது என்பது எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவன் எண்ணினான். பிறகு கடிதத்தை எடுத்துப் பெயர்களை எண்ணினான். கடிதத்தில் ஆறு, பையில் இருபத்துநாலு. எல்லோரையும் இறக்கினான். காக்கா சிங்களத்தில் சொல்லாத விளக்கம் இல்லை. பெருநாள், வட்டிலப்பம், பாத்திரம் வெறுமையாகப் போகக் கூடாது என்பதெல்லாம் சொன்னார். துவக்கோடு நிற்கிறவனுக்கு வட்டிலப்பத்துக்குப் பதில் மரியாதை செய்வதை எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது? அவன் கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நாங்கள் வேப்பமரத்தின் கீழே இரண்டரை மணித்தியாலம் நின்றோம். காக்கா அம்மாவைப் பார்த்து மெதுவாக, "தங்கச்சி, என்ட வீட்டுக்கெண்டு ஏன் கட்டினீங்க," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். பார்சல் ஒன்றைப் பிரிக்கச் சொன்னார், கிளறிப் பார்த்தார். பிறகு காக்காவிடம் ஒரே வசனம் சொன்னார். உங்கள் சாப்பாடு என்றால் இங்கேயே சாப்பிடுங்கள்.

சாப்பிட்டோம். மண்ணில் குந்தி, ஆமிக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கச் சாப்பிட்டோம். அப்பாவும் அத்தானும் இரண்டாவது பார்சலையும் மெல்லாமல் விழுங்கினார்கள். அக்கா சோற்றைக் கையால் அளைந்துகொண்டு வாழைச்சேனைப் பக்கம் போகிற பாதையையே பார்த்தாள். எப்படித் தின்றும் ஒன்பதுக்கு மேல் முடியவில்லை. அந்த நேரம் பஸ் ஒன்று வந்து நின்று, சனமெல்லாம் இறங்கி வரிசையில் நின்றது. அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் ஆளுக்கொரு பார்சல் கொடுக்கத் தொடங்கினார். அதிகாரி தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சென்றி கோயில் அன்னதானம் மாதிரி ஆகிவிட்டது. கடைசிப் பார்சலை அம்மா அந்த ஆமிக்காரப் பையனிடம் நீட்டினார். அவன் அதிகாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினான். அவனுக்குப் பசி என்பது நன்றாகத் தெரிந்தது. அவன் மீதுகூட எனக்கு அந்த நிமிடம் இரக்கம் வந்தது.

பிள்ளைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. முட்டையைத் தின்று, பஸ்ஸில் வந்த பிள்ளைகளோடு ஓடி விளையாடி, சட்டை முழுக்க மண்.

"இனிப் போகலாமா?" என்று காக்கா கேட்டார். திரும்பிப் போங்கள் என்றார் அதிகாரி. காரணம் சொல்லவில்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வான் ஊர்ப் பக்கம் திரும்பியதும் நான் அம்மாவின் மீது பாய்ந்தேன்.

"எல்லாத்தையும் நீங்கதான் கெடுத்தீங்க. ஊருக்கெல்லாம் சோறு கட்டாட்டி உங்கட கை சும்மா இருக்காதா? அக்கா இந்த நாளுக்கு எவ்வளவு..."

பிள்ளை பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வர நிறுத்தினேன்.  அம்மா வெறுமையான பைகளை மடித்து மடித்துச் சின்னதாக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் இறந்து கன காலமாகிவிட்டது. அந்த ஏச்சுக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அம்மாவை ஏசாத," என்றாள் அக்கா. பிள்ளையைத் திருப்பித் தன் பக்கம் பார்க்க வைத்தாள். முகத்தில் ஒட்டியிருந்த சோற்றைத் தட்டிவிட்டாள். இனி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"மகள், அம்மா ஒரு தூர ஊருக்கு வேலைக்குப் போகப்போறன். கன நாளைக்கு. மறுகா வந்திருவன்."

பிள்ளை அழவில்லை.

"அங்கயும் சென்றி கிடக்கா?"

"இல்ல, மகள். அங்க சென்றி இல்ல."

"ஆமி இறங்கச் சொல்லாதா?"

"சொல்லாது."

"அப்ப நாம எல்லாரும் போவமே," என்றாள் பிள்ளை. "ஏன் நீங்க மட்டும் போறீங்க?"

அக்கா பிள்ளையின் சட்டையில் இருந்த மண்ணைத் தட்டத் தொடங்கினாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளை பதிலுக்குக் காத்திருந்தாள். வான் ஏறாவூரைத் தாண்டி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும் வரைக்கும் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.